கிளவுட்டில் கடைக் கணக்கு: சாவி யார் கையில்?

வலிகாமத்தின் சந்தை நகரம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா தொடங்கிய மொத்தப் பலசரக்கு வியாபாரத்தை, அவருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்த பிறகு இவர்தான் பொறுப்பெடுத்து நடத்துகிறார். பிரதான கடையும் களஞ்சியமும் சந்தைக்குப் பக்கத்தில். சாவகச்சேரியிலும் கிளிநொச்சியிலும் கிளைகள். விடியப்புறம் நாலு மணிக்கே லொறியில் சாமான் ஏற்றிச் சிட்டை போடத் தொடங்கிவிடுவார்கள். சிட்டை போடும் மென்பொருளை ஏழு வருடத்துக்கு முன் ஊர்ப் பெடியன் ஒருவர் எழுதிக் கொடுத்தார். மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் அது ஓடுகிறது. தரவு 8 ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டது. கிளைகள் இரவில் விற்பனைக் கணக்கைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப, பிரதான கடையில் ஒரு பிள்ளை இருந்து அதைத் திரும்பத் தட்டுகிறார். பெக்கப் ஒரு பென் டிரைவில். சனிக்கிழமைகளில் தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுபோவார். போன மாரியில் இடி விழுந்து கணினி கருகி, இரண்டு நாள் கையால் சிட்டை எழுதியிருக்கிறார்கள்.

இனிக் கிளவுட்டுக்கு, அதாவது பெரிய நிறுவனங்கள் இணையம் வழியே வாடகைக்குத் தரும் கணினிகளுக்கு, போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. மென்பொருள் எழுதியவர் அமேசனின் அரோரா என்ற தரவுத்தளம்தான் உலகத்திலேயே திறம் என்கிறார். தன்னுடைய ஜிமெயிலில் கணக்குத் திறந்து எல்லாம் செய்து தருவாராம். ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் மைக்ரோசொப்டின் கிளவுட்டான அசூர் என்கிறார். மாதக் காசைத் தன் வங்கி அட்டையிலேயே கட்டிவிடுவாராம். மொறட்டுவையில் படிக்கும் மருமகன், கூகுளில் போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தைப் போடுங்கள், உரிமக் காசு மிச்சம் என்கிறார். "மூன்றில் எது நல்லது? கிளவுட்டுக்குப் போனால் பெக்கப்பைப் பற்றி யோசிக்கத் தேவையில்லைத்தானே? வாடிக்கையாளர் விபரத்தை வெளிநாட்டில் வைப்பது சட்டவிரோதம் என்கிறார்கள், உண்மையா? அப்பா இன்னும் கடன் கொப்பியை விடமாட்டன் என்று நிற்கிறார், அதை எப்படி நிறுத்துவது?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் கேட்ட நாலு கேள்வியையும்விட, கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒன்றுதான் எனக்குக் கூடுதலாக உறுத்தியது. கணக்கு ஒருவரின் ஜிமெயிலில், காசு இன்னொருவரின் அட்டையில். ஏழு வருடக் கொடுக்கல் வாங்கல் குடியேறப்போகும் அந்த இடத்தில் உங்கள் பெயர் எங்கே? அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு அவசர விடயம் இருக்கிறது.

உங்களிடம் இருக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பு ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிகாபைட் வரைதான் இடம் தரும். அந்த எல்லையைத் தொட்டால் பழைய கணக்கைப் பார்க்கலாம், புதுச் சிட்டை பதியாது. அது நாலு மணிக்கு லொறி நிற்கும்போதுதான் தெரியவரும். ஏழு வருடத்தில் 8 என்றால், இப்போதுள்ள வேகத்தில் ஒன்றரை வருடமளவு கிடைக்கலாம்; வியாபாரம் பெருகியிருந்தால் அதுவும் இல்லை. மென்பொருள்காரரிடம் எந்த அட்டவணை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். நான் பார்த்த பல கடைகளில் சிட்டைகள் பிடித்திருந்த இடம் கொஞ்சம். யார் எப்போது உள்நுழைந்தார் என்ற பதிவேடும், யாரோ ஒருநாள் சேர்த்த சாமான் படங்களும்தான் மிச்சத்தை விழுங்கியிருந்தன. அவற்றைக் கழித்தாலே மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

மூன்று பேரும் ஒரே சாமானைப் பற்றிக் கதைக்கவில்லை

அமேசன் தன் வாடகைத் தரவுத்தளச் சேவையை 2009இல் தொடங்கியது. மைக்ரோசொப்ட் 2010இல் வந்தது, கூகுள் 2011இல். மூன்றும் உங்களுக்குத் தருவது அடிப்படையில் ஒன்றுதான்: சேர்வர் வாங்குவது, அதைக் குளிராக வைத்திருப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது, இரவில் பெக்கப் எடுப்பது, ஒன்று விழுந்தால் மற்றது எழும்புவது ஆகிய வேலைகளை அவர்கள் பார்ப்பார்கள், அட்டவணைகளும் அவற்றில் உள்ள கணக்கும் உங்கள் பொறுப்பு. எட்கர் கொட் 1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்து எழுதிய கட்டுரையில் சொன்ன, தரவை வரிசையும் நிரலுமாக வைத்து ஒன்றோடொன்று தொடுக்கும் முறைதான் எல்லாவற்றுக்கும் வேர்.

ஆனால் உங்கள் வீட்டு விவாதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எந்த நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பது என்பது ஒன்று. எந்தத் தரவுத்தளத்தை எடுப்பது என்பது வேறு. அமேசனிடமும் கூகுளிடமும்கூட எஸ்கியூஎல் சேர்வர் இருக்கிறது. மைக்ரோசொப்டிடமும் போஸ்ட்கிரெஸ் இருக்கிறது. உங்கள் மென்பொருள் எந்தத் தரவுத்தளத்தோடு கதைக்கப் பழகியதோ, அதுதான் முதலில் பார்க்கவேண்டியது.

அரோரா நல்ல தயாரிப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. தரவை மூன்று வெவ்வேறு மையங்களில் ஆறு பிரதிகளாக வைத்திருக்கும். ஆனால் அது பேசுவது மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் மொழியும் போஸ்ட்கிரெஸின் மொழியும். உங்கள் மென்பொருள் பேசுவது எஸ்கியூஎல் சேர்வரின் மொழி. "முதல் பத்து வரியை எடு" என்று சொல்வதற்கே இரண்டும் வேறு வேறு சொல் வைத்திருக்கின்றன. எஸ்கியூஎல் சேர்வரின் மொழியை விளங்கிக்கொள்ளும் ஒரு இடையடுக்கை அமேசன் 2021இல் அரோராவின் போஸ்ட்கிரெஸ் வகைக்குக் கொண்டுவந்தது உண்மை. அப்படியிருந்தும் சிட்டை, திருப்பம், நிலுவை, மாத முடிவு என்று ஒவ்வொரு வேலையையும் திரும்பச் சோதிக்காமல் நம்ப முடியாது. அந்தச் சோதனைக்கும் திருத்தத்துக்கும் ஆகும் மாதங்களை அவர் உங்களுக்குச் சொன்ன விலையில் சேர்த்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மருமகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிதாக ஒரு மென்பொருள் எழுதுவதென்றால் நானும் போஸ்ட்கிரெஸைத்தான் எடுப்பேன். 1986இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. மூன்று நிறுவனங்களும் அதை வாடகைக்குத் தருவதால் ஒருவரோடு ஒத்துவராவிட்டால் மற்றவரிடம் போகலாம். உங்களுக்கு இப்போது அது பொருந்தாததற்கு ஒரே காரணம், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத் திரும்ப எழுதவேண்டிவரும் என்பதுதான்.

மிஞ்சுவது இரண்டு வழி. அமேசனில் எஸ்கியூஎல் சேர்வரையே வாடகைக்கு எடுப்பது ஒன்று. நீங்கள் இப்போது எடுக்கும் பெக்கப் கோப்பை அப்படியே ஏற்றலாம், மென்பொருளில் மாற்றம் குறைவு, உரிமக் காசு மணித்தியால வாடகைக்குள் அடங்கும். அங்கேயும் எக்ஸ்பிரஸ் பதிப்பு கிடைக்கும் என்று யாராவது மலிவாகக் காட்டினால் கவனம்: அந்த அளவெல்லையும் கூடவே வரும். மற்றது மைக்ரோசொப்டின் அசூர் எஸ்கியூஎல் தரவுத்தளம். அதில் உங்கள் பெக்கப் கோப்பை நேரே மீட்க முடியாது. தரவை வேறு வடிவத்தில் ஏற்றுமதி செய்துதான் கொண்டுபோகவேண்டும். இரவில் தானாக ஓடும் வேலைகளை உங்கள் மென்பொருள்காரர் வேறு விதமாக அமைக்கவேண்டிவரும். ஆனால் சின்ன அளவில் தொடங்கலாம், தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். மூன்று கடை, எட்டு ஜிகாபைட் என்ற உங்கள் நிலைக்கு நான் சொல்வது அசூரின் சின்னத் தரவுத்தளம். அத்தான் சொன்னது சரியாக வந்திருக்கிறது. அவர் அட்டையைத் தருவதைப் பற்றி மட்டும் நான் உடன்படவில்லை.

கணக்கு உங்கள் பெயரில் இருக்கவேண்டும்

கிளவுட் கணக்கைத் திறந்த மின்னஞ்சல் யாருடையதோ, அவர்தான் அந்த நிறுவனத்தின் கண்ணில் உரிமையாளர். உங்கள் சிட்டைகள் உள்ளே இருக்கின்றன, கடை உங்களுடையது, வியாபாரப் பதிவுச் சான்றிதழ் உங்களிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. நம்பிக்கையில்லாமல் இதைச் சொல்லவில்லை. மென்பொருள் எழுதியவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போகலாம். கைத்தொலைபேசி தொலையலாம், அந்த இலக்கத்துக்கு வரும் இரகசிய எண் இல்லாமல் அவராலேயே உள்ளே போக முடியாது.

அட்டையும் அப்படித்தான். அத்தானின் அட்டை காலாவதியாகும் மாதத்தை நீங்கள் யாரும் யாழ்ப்பாணத்திலிருந்து கவனிக்கப்போவதில்லை. காசு போகாவிட்டால் நினைவூட்டல் மின்னஞ்சல்கள் வரும். அவை போவது கணக்குத் திறந்தவரின் முகவரிக்கு. அவர் பார்க்காவிட்டால் சேவை இடைநிறுத்தப்படும், பிறகு கணக்கு மூடப்படும். அமேசனில் மூடிய கணக்கை 90 நாட்களுக்குள் திரும்பத் திறக்கலாம். அதற்குப் பிறகு உள்ளே இருந்தவை அழிக்கப்படும். இந்த நிலைக்கு வந்த ஒரு வியாபாரி என்னிடம் வந்தபோது அவர் கையில் இருந்தது, இன்னொருவரின் பெயருக்கு வந்த பில்லின் ஒரு படம் மட்டும்தான். அதை வைத்து எதையும் மீட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

ஆகவே கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறவுங்கள். கிளவுட் கணக்கை அதில் நீங்களே, உங்கள் கையால் திறவுங்கள். மென்பொருள்காரருக்குத் தனிப் பயனர் பெயர் கொடுத்து, வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். அவர் விலகினால் அந்தப் பெயரை நிறுத்தலாம். மூலக் கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீடுகளையும் கடதாசியில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். கடையின் வங்கி அட்டையைக் கொடுங்கள். இணையத்தில் வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்ய அது அனுமதிக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தான் உதவி செய்ய விரும்பினால், அந்தக் காசை உங்களுக்கே அனுப்பட்டும்.

பெக்கப் இருப்பதும் கணக்கு மீளுவதும்

"யோசிக்கத் தேவையில்லைத்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவேண்டும். இதில் நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடகைத் தரவுத்தளங்கள் தானாகப் பெக்கப் எடுக்கின்றன, கடந்த ஒரு நேரத்துக்கு அப்படியே திரும்பிப் போகவும் விடுகின்றன. அசூரில் வழமையாக 7 நாள், கேட்டால் 35 நாள் வரை. அமேசனிலும் மேலெல்லை 35 நாள்தான். வட்டு பழுதானால், சேர்வர் விழுந்தால் இது போதும். ஆனால் உங்கள் வியாபாரத்தில் பிழை எப்போது தெரியவருகிறது? வருட முடிவில் இருப்பு எண்ணும்போது. தைமாதத்தில் யாரோ தவறுதலாக அழித்த ஐம்பது வரியை மார்கழியில் தேடினால் அந்த 35 நாளுக்குள் எதுவும் இருக்காது.

மறு மையத்தில் தயாராக நிற்கும் இரட்டைப் பிரதியைப் பெக்கப் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒன்று விழுந்தால் மற்றது எழும்பும் என்பதற்குத்தான் அது. இங்கே தவறாக அழித்தது, அடுத்த கணமே அங்கேயும் அழிந்திருக்கும். இன்னுமொன்று: அமேசனில் தரவுத்தளத்தையே நீக்கும்போது, வைத்திரு என்று குறிப்பாகச் சொல்லாவிட்டால் தானாக எடுத்த பெக்கப்புகளும் அதோடு போய்விடும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கும் இணையத்தளமான கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் களைத்துப்போயிருந்த நேரத்தில் தவறான சேர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஐந்து விதமான பெக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள். தேவைப்பட்டபோது ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. யாரோ தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுத்திருந்த பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது. நம் நாட்டில், 2023 ஓகஸ்டில் அரச கிளவுட்டை ஒரு கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்துக்கு ஒழுங்கான பெக்கப் இருக்கவில்லை.

என் கண்ணால் கண்டதையும் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் தினமும் இரவு இரண்டு மணிக்குப் பெக்கப் எடுத்தார்கள். கோப்புறையைத் திறந்து காட்டினார்கள். பதினொரு மாதக் கோப்புகள், ஒரு நாள்கூடத் தவறவில்லை. எல்லாக் கோப்பின் அளவும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு மனம் திக்கென்றது. வியாபாரம் நடக்கிற இடத்தில் தரவு வளரத்தானே வேண்டும்? ஒன்றை மீட்டுத் திறந்தோம். வாடிக்கையாளர் அட்டவணையில் இரண்டே இரண்டு பெயர், இரண்டும் "சோதனை". மென்பொருளை நிறுவிய அன்று பரீட்சித்துப் பார்க்க உண்டாக்கிய வெற்றுத் தரவுத்தளத்தைத்தான் பதினொரு மாதமாகப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மென்பொருள்காரர் முந்தின நாள் பெக்கப்பை ஒரு புதுப் பெயரில் மீட்கட்டும். கிளவுட்டில் இப்படி மீட்பது ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைத் தொடாது, பக்கத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கும். சில மணித்தியால வாடகைதான் செலவு, பார்த்து முடிந்ததும் நீக்கிவிடலாம். அதில் கடைசிச் சிட்டை இலக்கத்தையும் மொத்தக் கடன் நிலுவையையும் பார்த்து, கடையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். மீட்க எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

தம்பி பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோவதையும் நிறுத்தவேண்டாம். பென் டிரைவுக்குப் பதிலாக இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாறி மாறிக் கொண்டுபோகட்டும். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும். தொலைந்தால் மற்றவர்கள் திறக்க முடியாதபடி கடவுச்சொல்லால் பூட்டுங்கள். மாதம் ஒரு முறை முழுத் தரவையும் ஏற்றுமதி செய்து, அசூர் அல்லாத இன்னொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்திலும் போடுங்கள். வருட முடிவுப் பிரதிகளை அழிக்கவே வேண்டாம்.

நாலு மணிச் சிட்டை

உங்கள் மென்பொருள் கடைக்குள் உள்ள கணினியோடு கதைக்க எழுதப்பட்டது. அதை அப்படியே கிளவுட் முகவரிக்குத் திருப்பிவிட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது சாமான் உள்ள சிட்டை. ஒவ்வொரு சாமானுக்கும் விலை பார்க்க, இருப்புப் பார்க்க, இருப்பைக் குறைக்க, வரியைப் பதிய, நிலுவையைக் கூட்ட என்று ஐந்து தரம் தரவுத்தளத்துக்குப் போய்வருகிறது. மொத்தம் 200 பயணம். கடைக்குள் ஒரு பயணம் ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு, யாருக்கும் தெரியாது. கிளவுட்டுக்கு 50 மில்லிசெக்கன் என்று வைத்தால் ஒரு சிட்டைக்கு 10 செக்கன். லொறிகள் வரிசையில் நிற்கும்போது அது பெரிய நேரம்.

மூன்று நிறுவனங்களுக்கும் இலங்கைக்குள் தரவு மையப் பிராந்தியம் இல்லை. அசூருக்குச் சென்னையிலும் பூனேயிலும், அமேசனுக்கு மும்பாயிலும் ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பாயிலும் டில்லியிலும் உண்டு. சிங்கப்பூரில் மூவருக்கும் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் நமக்குச் சென்னை கிட்டத்தான், ஆனால் நம் இணையம் முதலில் தெற்கே போய்த்தான் கடலடிக் கேபிளில் ஏறுகிறது. எனவே வரைபடத்தை நம்பாமல், உங்கள் கடை இணைப்பிலிருந்தே சென்னைக்கும் பூனேக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு வாரம் காலை நாலு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

என் ஆலோசனை இதுதான். ஒவ்வொரு கடையிலும் எக்ஸ்பிரஸ் தரவுத்தளம் இருக்கட்டும். சிட்டை அதிலேயே பதியட்டும். சில நிமிடத்துக்கு ஒரு தரம் புதுச் சிட்டைகளைக் கிளவுட்டுக்கு அனுப்பும் ஒரு சின்ன நிரலை மென்பொருள்காரர் எழுதட்டும். இணைப்பு அறுந்தாலும் சிட்டை நிற்காது. இணைப்பு வந்ததும் போய்ச் சேரும். சிட்டை இலக்கத்துக்கு முன் கிளையின் குறி இருந்தால் மூன்று கடை இலக்கங்களும் மோதாது. கடைக் கணினியில் கடந்த இரண்டு வருடத் தரவை மட்டும் வைத்தால் 10 ஜிகாபைட் பயமும் போய்விடும். வட்ஸ்அப் படத்தைப் பார்த்துத் தட்டும் பிள்ளைக்கு இரவு வேலை மிச்சம்.

இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. அசூரில் பாவனை இல்லாத நேரம் தானாகத் தூங்கிவிடும் மலிவு வகை ஒன்று இருக்கிறது. தூங்கியதை எழுப்பும் முதல் இணைப்பு தோற்றுப்போகும், எழும்ப ஒரு நிமிடமளவு எடுக்கும். நேரே கிளவுட்டில் சிட்டை போட்டால் நாலு மணிக்கு முதல் லொறிக்காரர் அதை அனுபவிப்பார். அனுப்பும் நிரல் என்றால் ஒரு நிமிடம் பொறுத்துத் திரும்ப முயலும், அவ்வளவுதான்.

நேரத்தையும் கவனியுங்கள். அசூர் எஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கடிகாரம் எப்போதும் கிரீன்விச் நேரத்தில்தான் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. சித்திரை முதலாந் திகதி விடிய 4.15க்குப் போட்ட சிட்டைக்கு அந்தக் கடிகாரம் நேரம் குறித்தால், முதல் நாள் இரவு 10.45 என்று விழும். மற்றக் கடைகள் எட்டு மணிக்குத் திறப்பதால் அவர்களுக்கு இது தெரியாமலே போகலாம். உங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஐந்தரைக்கு முந்தின வியாபாரம் முழுவதும் முந்தின நாளில் ஏறும். மாத முடிவும் வரிக் கணக்கும் பொருந்தாது. சிட்டையின் திகதியைக் கடைக் கணினியே குறிக்கட்டும், கிளவுட் குறிக்கவேண்டாம்.

பெயர்கள். பழைய மென்பொருள் என்பதால் கேட்கிறேன்: வாடிக்கையாளர் பெயர்களைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டினீர்களா? அப்படியென்றால் திரையில் தமிழாகத் தெரிவது, தரவுத்தளத்துக்குள் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் கிடக்கிறது. கொண்டுபோகும்போது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றுவது நல்லது. எஸ்கியூஎல் சேர்வரில் யுனிகோடை ஏற்கும் அட்டவணை நிரலின் வகை தனி. அதை விட்டுச் சாதாரண வகையில் தமிழைப் போட்டால், பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் நிற்கும். அப்படி விழுந்த பெயரை எந்த வித்தையாலும் திருப்பி எடுக்க முடியாது. முதலில் இருபது பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

காசும் சட்டமும்

விலைப் பட்டியலில் பெரிதாகத் தெரிவது சேர்வரின் மணித்தியால வாடகை. அதோடு சேமிப்பிடம், கூடுதல் பெக்கப், வெளியே எடுக்கும் தரவு, உரிமம் என்று வரிகள் வரும். மூன்றையும் ஒப்பிடுவதென்றால் ஒரே அளவு, ஒரே பெக்கப் நாள், ஒரே பிராந்திய அயல் என்று வைத்து ஒப்பிடுங்கள். செலவு எல்லையைத் தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி அமைக்கலாம். அது எச்சரிக்கும், செலவை நிறுத்தாது. எல்லாம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதம் 360ஐத் தொட்டதை நாங்கள் மறக்கவில்லை. மாதம் 60 டொலர் என்ற ஒரே பில், 12,000 ரூபாயிலிருந்து 21,600 ரூபாயாகும். அந்த ஏற்றத்தையும் தாங்கும் அளவில் தொடங்குங்கள்.

99.95 வீதம் ஓடும் என்ற உறுதியை யாராவது காட்டினால், அது மாதத்துக்கு 22 நிமிடம்வரை நிற்கலாம் என்பதுதான். அதைத் தாண்டினாலும் அவர்கள் தருவது அடுத்த பில்லில் ஒரு கழிவு. உங்கள் வியாபார நட்டத்தை அல்ல. கடையிலிருந்து அங்கே போகும் இணைப்பு அந்த உறுதிக்குள் அடங்கவே இல்லை. கடையின் கம்பி இணைப்போடு வேறொரு நிறுவனத்தின் 4ஜி ரவுட்டர் ஒன்றும் இருக்கட்டும்.

வெளிநாட்டில் தரவு வைப்பது சட்டவிரோதம் என்று சொன்னவர் பிழையாக விளங்கியிருக்கிறார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் வியாபாரத்துக்கு அதை அடியோடு தடுக்கவில்லை. அரச அமைப்புகளுக்குத்தான் விதி இறுக்கம். ஆனால் எங்கே வைத்தாலும் பொறுப்பு உங்களுடையது: தேவையானதை மட்டும் சேகரிக்க, பாதுகாப்பாக வைக்க, தேவை முடிந்ததும் நீக்க. கடன் வாங்கியவர்களின் அடையாள அட்டை இலக்கம் உண்மையில் வேண்டுமா என்று யோசியுங்கள். சட்டத்தின் எந்தப் பகுதி எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்பதுதான் சரி. தரவுத்தளத்தின் கதவை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்காமல், மூன்று கடைகளின் இணைப்புக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கென்று எல்லோருக்கும் திறந்துவிட்டுப் பிறகு மறந்துபோன இடங்களைக் கண்டிருக்கிறேன்.

செய்யும் ஒழுங்கையும் சொல்கிறேன். இந்த வாரம் மின்னஞ்சலும் கணக்கும் உங்கள் பெயரில். பிறகு இப்போதுள்ள பென் டிரைவிலிருந்தே ஒரு தரம் மீட்டுப் பாருங்கள். கிளவுட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே இது அவசியம். அது திறந்தால் பிரதான கடையை மட்டும் கிளவுட்டோடு இணையுங்கள். ஒரு மாத முடிவைப் பழைய கணக்கோடு பொருத்திப் பார்த்த பிறகு சாவகச்சேரி, அதற்குப் பிறகு கிளிநொச்சி. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு நெருக்கத்தில் எதையும் மாற்றவேண்டாம்.

அப்பாவின் கடன் கொப்பியை நிறுத்தவேண்டாம். மென்பொருளுக்கு வெளியே, வேறொரு கையால் எழுதப்படும் ஒரே பதிவு உங்களிடம் அதுதான். மீட்டெடுத்த தரவுத்தளத்தைத் திறக்கும் நாளில் அப்பாவைப் பக்கத்தில் இருத்துங்கள். அவர் கொப்பியிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லட்டும், நீங்கள் திரையில் உள்ள நிலுவையை வாசியுங்கள். இருபது பெயர் போதும். எந்தப் பெயரில் இரண்டும் பொருந்தவில்லையோ, அதைக் குறித்து வைத்து மென்பொருள்காரரைக் கூப்பிடுங்கள்.